எழுபத்தொரு சதவீதமும் இறக்க முடியாத லாரியும்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேயிலைக் குடோன். பெயர் வேண்டாம். வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த லாரி ஒன்று காலையிலிருந்து வாசலில் நின்றது. தார்ப்பாயைக்கூட அவிழ்க்கவில்லை. டிரைவர் மூன்றாவது டீயில் இருந்தார். உள்ளே ஆபீஸ் அறைச் சுவரில் பெரிய திரை. அதில் கார் ஸ்பீடோமீட்டர் மாதிரி ஓர் அரைவட்டம். முள் பச்சைப் பகுதியில் 71 சதவீதத்தில் நின்றது.

"நூத்துக்கு இருபத்தொம்பது காலியா இருக்குதே, ஏனுங்க இறக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டேன்.

குடோனைப் பார்த்துக்கொள்பவர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எடமில்லீங்க" என்றார்.

திரையும் பொய் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே? அதைப் புரிந்துகொள்ள லாரி வந்த வழியிலேயே திரும்பி மலையேற வேண்டும்.

மழைக்காலத்தில் வால்பாறை டீக்கடைகளில் அரசியலைவிட அதிகம் அடிபடும் எண் சோலையாறு அணையின் நீர்மட்டம். 160 அடி என்றால் நிரம்பியதாகக் கணக்கு. பேப்பரில் 80 அடி என்று போட்டிருந்தால் "பாதி ரொம்பிருச்சு" என்று சொல்லத் தோன்றும். ஆனால் பாதி அடி பாதித் தண்ணீர் ஆகாது. பள்ளத்தாக்கு அடியில் ஒடுங்கி மேலே விரிந்து கிடக்கிறது. எண்ணெய் ஊற்றும் புனலை நினைத்துக்கொள்ளுங்கள். கூம்பான புனலில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் உள்ளே இருப்பது எட்டில் ஒரு பங்குதான். மிச்ச ஏழு பங்கும் மேல்பாதியில் இருக்கிறது.

மேட்டூரில் இதைக் கணக்காகவே பார்க்கலாம். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 100 அடி இருக்கும்போது உயரத்தில் 83 சதவீதம் ஆகிவிட்டது. இருப்போ 65 டி.எம்.சி.க்கு அருகில்தான், அதாவது 70 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இன்னொரு வேடிக்கை: வால்பாறை மலையடிவாரத்தில் இருக்கும் ஆழியாறு அணைக்கும் முழு உயரம் அதே 120 அடி. அங்கே கொள்ளளவு 3.86 டி.எம்.சி. "அணை 120 அடி" என்று இரண்டு ஊரிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லலாம். தண்ணீரில் இருபத்து நான்கு மடங்கு வித்தியாசம்.

ஆகவே அணைக்காரர்கள் அடியை அடியாகவே நம்புவதில்லை. அணையை ஒட்டி அளவுகோல் இருக்கும். அதில் மட்டத்தைப் படித்துவிட்டு, எத்தனை அடிக்கு எத்தனை கன அடி என்று முன்பே அளந்து வைத்த அட்டவணையைப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரிவது மட்டம். தேவைப்படுவது இருப்பு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக நடுவில் ஒரு அட்டவணை வேண்டும். குடோன் திரையில் காணாமல்போனது இந்த அட்டவணைதான்.

இப்போது குடோனுக்குள் போவோம். கணக்கு எளிதாக இருக்க எண்களை நானே வட்டமாக வைத்துக்கொள்கிறேன். தரையில் வெள்ளைக் கோடு போட்டு 50 அட்டி இடங்கள் பிரித்திருக்கிறார்கள். மூட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டி அடுக்கிய அடுக்குக்கு அட்டி என்று பெயர் என்பது மண்டிக்கடை, ரேஷன் குடோன் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஓர் அட்டியில் 200 சாக்கு நிற்கும். ஆக மொத்தக் கொள்ளளவு 10,000 சாக்கு. இன்று உள்ளே இருப்பது 7,100. திரை காட்டிய 71 இதுதான். இன்னும் 2,900 சாக்குக்கு இடம் இருக்கிறது. வாசலில் நிற்கும் லாரியில் இருப்பதோ 280 சாக்கு.

தேயிலை அரிசி மாதிரி அல்ல. எஸ்டேட் பேக்டரியில் ஒரு தரத்தை ஒரு தொகுதியாகப் பேக் செய்து எண் கொடுப்பார்கள். அதற்கு இன்வாய்ஸ் என்று பெயர். பி.ஓ.பி. என்ற தரம் ஒரு இன்வாய்ஸ், டஸ்ட் என்ற தூள் தரம் ஒரு இன்வாய்ஸ், போன வாரத்து டஸ்ட் வேறொரு இன்வாய்ஸ். ஏலத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக ருசி பார்க்கப்பட்டுத் தனித்தனி விலைக்குப் போகும். கொச்சியில் 1947-லும் குன்னூரில் 1963-லும் கோயம்புத்தூரில் 1980-லும் ஏல மையங்கள் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை இந்த ஒழுங்கு மாறவில்லை. ஓர் அட்டி இடத்தில் ஓர் இன்வாய்ஸ்தான் வைக்க முடியும். ஒன்றின் தலையில் இன்னொன்றை ஏற்றினால் கீழே இருப்பது முதலில் விற்றுப்போகும், மேலே இருப்பதை இறக்கித் திரும்ப ஏற்ற வேண்டும், லோடுமேன்களுக்கு இரட்டைக் கூலி.

இப்படியே போனால் 50 இடங்களில் 48-ல் ஏதோ ஒன்று நிற்கிறது. சிலவற்றில் 200 சாக்கு, சிலவற்றில் வாங்கியவர் பாதி எடுத்துப்போன மிச்சம் 60 சாக்கு. காலி இடம் இரண்டு. லாரியில் வந்திருப்பதோ ஐந்து இன்வாய்ஸ். சாக்குக் கணக்கில் குடோன் 71 சதவீதம், இடக் கணக்கில் 96 சதவீதம். "எடமில்லீங்க" என்றவர் சொன்னது இரண்டாவது கணக்கை.

சினிமாவுக்கு ஆன்லைனில் டிக்கெட் போட்டவர்களுக்கு இது பழக்கமான எரிச்சல்தான். தியேட்டரில் முப்பது சீட் காலி என்று காட்டும். குடும்பத்தோடு நாலு பேர் சேர்ந்து உட்கார நாலு சீட் ஒட்டி இருக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். குடோன் துறையில் இந்தச் சிதறல் வெற்றிடத்துக்குத் தேன்கூட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தமிழில் தேன்கூட்டு வெற்றிடம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடையில் அறைகள் நிறைய, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காலி. கூட்டிப் பார்த்தால் பெரிய தொகை. கைக்கு வருவது ஒன்றுமில்லை.

ஒரே குடோனுக்கு இரண்டு சதவீதம் எப்படி வந்தது? பள்ளிக்கூடத்துப் பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. சதவீதம் என்றாலே ஒரு பின்னம். எல்லாரும் மேலே இருக்கும் எண்ணைத்தான் கவனிக்கிறார்கள். சண்டை வருவதெல்லாம் கீழே இருக்கும் எண்ணில். பாட்டி காலத்துப் படியில் தலைதட்டி அளந்தால் ஒரு அளவு, குவித்து அளந்தால் வேறு அளவு. கடனாகக் கொடுக்கும்போது தலைதட்டியும் திரும்ப வாங்கும்போது குவித்தும் அளந்தவர்கள் பகுதியின் சூட்சுமத்தை நன்றாக அறிந்தவர்கள்.

குடோனின் பகுதி எது? கட்டடத்தின் நீள அகல உயரத்தைப் பெருக்கினால் ஒரு பெரிய எண் வரும். அதில் நடைபாதை போக வேண்டும். சுவரிலிருந்து தள்ளி அடுக்க வேண்டும், தரையில் மரச்சட்டம் போட்டு அதன்மேல்தான் அடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் ஏறும். பேக்டரியிலிருந்து வரும்போது தேயிலையில் ஈரப்பதம் மூன்று சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். வெளிக்காற்றில் உள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். ஈரத்தை மட்டுமா? வாசனையையும் உறிஞ்சும். ஆனைமலையில் தேயிலையோடு ஏலமும் மிளகும் காபியும் விளைகின்றன. ஏலக்காய் மூட்டைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் மூலை, கணக்கில் காலி, தேயிலைக்கு நிரம்பியதுதான்.

எடையில் கணக்கிட்டால் வேறொரு வம்பு. இலைத் தரங்கள் உப்பலாக இருக்கும், டஸ்ட் நெருக்கமாக உட்காரும். ஒரே அளவுச் சாக்கில் டஸ்ட் கூடுதல் கிலோ பிடிக்கும். ஆகவே டஸ்ட் அதிகம் வந்த மாதத்தில் டன் கணக்குப்படி குடோன் கொழுத்திருக்கும், இலை அதிகம் வந்த மாதத்தில் அதே நிரம்பிய குடோன் மெலிந்து தெரியும். ஒரு காலத்தில் தேயிலை பிளைவுட் பெட்டியில், உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி வரும். பெட்டி பெட்டியாக நேர்செங்குத்தாக அடுக்கலாம். இன்று பல அடுக்குக் காகிதச் சாக்கு. சாக்கு சாயும், பிதுங்கும், அடுக்கும் உயரத்துக்கு எல்லை உண்டு. கட்டடத்தில் ஒரு செங்கல் மாறவில்லை. அதன் கொள்ளளவு மாறிவிட்டது.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வால்பாறை வண்டி கண்டக்டரிடம் கேளுங்கள், அவருக்கு மூன்று பகுதிகள் தெரியும்: சீட்டு எத்தனை, நின்றுகொண்டு வர அனுமதி எத்தனை, பண்டிகைக்கு முந்தின நாள் எத்தனை. சோலையாறு 160 அடியைத் தாண்டி 163 அடி என்று செய்தி வருவதும் இப்படித்தான். 100 சதவீதத்தைத் தாண்டிய குடோன் என்றால் நடைபாதையிலும் அட்டி ஏறிவிட்டது என்று அர்த்தம். அதைத் திரை காட்ட வேண்டும். 100-லேயே முள் முட்டி நிற்கிற மாதிரி செய்த திரைகளைப் பார்த்திருக்கிறேன். அவை அவமானத்தை மறைக்கச் செய்தவையோ என்று சந்தேகம்.

இனி வரைவது எப்படி என்ற விஷயம். டாஷ்போர்டு என்ற சொல் குதிரைவண்டிக் காலத்தது. குதிரையின் குளம்பிலிருந்து தெறிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் படாமலிருக்க முன்னால் வைத்த பலகைதான் டாஷ்போர்டு. பிறகு கார் வந்தது, அந்தப் பலகையில் முள்கள் ஏறின. அங்கிருந்து கம்ப்யூட்டர் திரைக்குத் தாவியபோது முள்ளையும் அரைவட்டத்தையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்கள். தமிழில் முகப்புப் பலகை என்று சொல்லலாம். பெயரில் பாதகமில்லை. முள் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இதை ருசிக்கு விடாமல் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் 1984-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆட்களிடம் பலவிதமான படங்களைக் காட்டி, இதில் இது எத்தனை பங்கு என்று ஊகிக்கச் சொன்னார்கள். ஒரே கோட்டில் அடிவைத்து நிற்கும் பட்டைகளின் உச்சிகளை ஒப்பிடும்போது பிழை மிகக் குறைவு. கோணத்தை மதிப்பிடும்போது பிழை கூடியது. பரப்பளவு என்று வந்தால் கணிப்பு இன்னும் தளர்கிறது, நிறத்தின் அழுத்தத்தை வைத்து அளவு சொல்வது அதைவிட நம்பகம் குறைந்தது. வரிசையாக நிற்கும் பிள்ளைகளில் யார் உயரம் என்று கண் சட்டென்று சொல்லிவிடும். இரண்டு தோசையில் எது பெரியது என்று கேட்டால் திணறும். அரைவட்ட முள் கோணத்தை நம்பி நிற்கிற படம். ஒரு குடோனுக்கு ஒரு முள் என்றால் போகட்டும், எட்டு குடோனுக்கு எட்டு முள் வரைந்தால் அது கடிகாரக் கடைதான்.

அதற்குப் பதிலாக ஒரு பட்டை போதும். ஸ்டீபன் ஃபியூ என்ற வடிவமைப்பாளர் முள்ளுக்கு மாற்றாகக் கொண்டுவந்த படம் ஒன்று இருக்கிறது, புல்லட் வரைபடம் என்பார்கள். பின்னணியில் வெளிர் சாயத்தில் அகலமான பட்டை: இதுவரை வசதி, இதுவரை நெருக்கடி, இதற்கு மேல் நடைபாதை. அதன் மேல் ஒடுக்கமான கரும்பட்டை இன்றைய இருப்பு. குறுக்கே ஒரு சிறு கோடு, போன வருடம் இதே நாள். அவ்வளவுதான். எட்டு குடோனையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். பச்சை, சிவப்பு தேவையே இல்லை. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு அந்த இரண்டு நிறமும் பிரித்துத் தெரியாது என்பது வேறு.

போன வருடத்துக் கோட்டை அலட்சியப்படுத்தக் கூடாது. மத்திய நீர் ஆணையம் நாட்டின் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெரிய அணைகளின் இருப்பை வாராவாரம் வெளியிடுகிறது. வெறும் சதவீதத்தோடு அது நிறுத்துவதில்லை. போன வருடம் இதே நாளில் எவ்வளவு, கடந்த பத்து வருடச் சராசரி எவ்வளவு என்று பக்கத்திலேயே போடும். 40 சதவீதம் என்பது ஜூன் தொடக்கத்தில் நல்ல செய்தி, நவம்பரில் கெட்ட செய்தி. எண்ணுக்குத் தனியாகக் குணம் கிடையாது. கோடை மழைக்குப் பின் கொழுந்து பெருகும் மாதத்தில் குடோன் 80-ல் நிற்பதும், கொழுந்து சுருங்கிய பிப்ரவரியில் 80-ல் நிற்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, சரக்கு வெளியே போகவில்லை என்பதன் அறிகுறி.

எட்டு குடோனையும் கூட்டி ஒரே சராசரி காட்டுவதையும் நான் விரும்புவதில்லை. 2024 நெல் கொள்முதல் காலத்தில் பஞ்சாபில் அரிசி வைக்க இடமில்லாமல் பெரிய நெருக்கடி வந்தது. அப்போது நாட்டின் வேறு மூலையில் காலியாக இருந்த குடோனால் பஞ்சாப் ஆலைக்காரருக்கு என்ன பயன்? பரம்பிக்குளம் நிறைந்திருப்பதால் மேட்டூர் பாசனக்காரர் நிம்மதியாகத் தூங்க முடியாது.

சரக்கு வெளியே போகவில்லை என்றேன். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பின்னாளில் எம்.ஐ.டி. பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-ல் ஒரு விதியை நிரூபித்தார். சமன்பாடே வேண்டாம், கல்யாணப் பந்தியை வைத்துச் சொல்லிவிடலாம். நிமிடத்துக்குப் பத்துப் பேர் உள்ளே வருகிறார்கள், ஒவ்வொருவரும் இருபது நிமிடம் சாப்பிடுகிறார்கள் என்றால் எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் சுமார் இருநூறு பேர் இலைமுன் உட்கார்ந்திருப்பார்கள். வருகிற வேகமும் தங்குகிற நேரமும் சேர்ந்துதான் இருப்பு. யார் முதலில் வந்தார், வரிசை எப்படி என்பதெல்லாம் இந்தக் கணக்குக்கு அவசியமில்லை என்பதுதான் அதன் அழகு.

நம் குடோனில் நாளுக்கு 400 சாக்கு வருகிறது, ஒவ்வொன்றும் சராசரியாக 18 நாள் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இருப்பு 7,200. ஏறக்குறைய அந்த 71 சதவீதம். இப்போது ஏலத்தில் எடுத்தவர்கள் பணம் கட்டிச் சரக்கைத் தூக்குவதில் ஒரு வாரம் தாமதம் செய்கிறார்கள். தங்கும் காலம் 25 நாள் ஆகிறது. இருப்பு 10,000. எஸ்டேட்டில் ஒரு கூடைக் கொழுந்துகூட அதிகம் பறிக்கவில்லை. வரத்து துளியும் கூடவில்லை. குடோன் வாய்வரை நிரம்பிவிட்டது. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் "இந்த வருசம் வரத்து ஜாஸ்தி" என்றுதான் சொல்வார்கள்.

அதனால் பட்டையையே மூன்று துண்டாக வெட்டிக் காட்டச் சொல்வேன்: ஏலத்துக்குக் காத்திருப்பது, விற்றும் தூக்காமல் கிடப்பது, விலை போகாமல் திரும்பி நிற்பது. நடுத்துண்டு வீங்கினால் வாங்கியவருக்குப் போன் போட வேண்டும். கடைசித் துண்டு வீங்கினால் பேக்டரியில் தேயிலை தயாரிக்கும் டீமேக்கரிடம் பேச வேண்டும். ஒரே 71 சதவீதத்துக்குள் முற்றிலும் வேறான இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

மலைப்பாதையில் மண் சரிந்தால் கதை தலைகீழ். கீழே குடோன் காலியாகிக்கொண்டே போகும், மேலே பேக்டரி குடோன் நிரம்பிக்கொண்டே போகும். அங்கே மேனேஜருக்கு வேண்டியது சதவீதம் அல்ல, "இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்ற எண். காலி இடத்தை நாள் வரத்தால் வகுத்தால் கிடைத்துவிடும். இந்தச் சின்ன வகுத்தலைச் செய்யாமல் வண்ணம் பூசிய திரைகள்தான் எத்தனை!

இத்தனையும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: கணக்கில் இருக்கும் சாக்கு தரையிலும் இருக்கிறது என்பது. நிக்கோல் டிஹோரேஷியஸ், ஆனந்த் ராமன் இருவரும் ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளை நேரில் எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டு 2008-ல் வெளியிட்டார்கள். 65 சதவீதப் பதிவுகள் தவறு. திருட்டுதான் என்று எண்ண வேண்டாம். ஸ்கேன் செய்ய மறந்தது, இடம் மாற்றி வைத்தது, இரண்டை ஒன்றாகப் பதிந்தது என்று சாதாரணமான கைத்தவறுகளே நிறையச் சேரும். அணையிலும் இதே கதை உண்டு. 1934-ல் திறந்த மேட்டூருக்கு 93.47 என்கிறோம். அத்தனை வருட வண்டல் அடியில் படிந்துகொண்டே வந்திருக்கிறது. படகில் போய் ஒலியலையை அடிவரை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து ஆழம் அளந்து, அட்டவணையை அவ்வப்போது திருத்தினால்தான் சதவீதத்துக்கு மதிப்பு.

குடோனில் அந்தப் படகு வேலையைச் செய்வது அட்டியில் தொங்கும் அட்டை. இந்திய உணவுக் கழகக் குடோன்களில் 30 அடிக்கு 20 அடி என்று தரையில் கோடு போட்டுத்தான் அட்டி கட்டுவார்கள். நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று மூன்று எண்ணை எண்ணினால் போதும், முழு அட்டியும் தெரிந்துவிடும். கோடு தாண்டி மூட்டை போட்டால் எண்ணிக்கை கெடும். வெள்ளைக் கோடு அழகுக்குப் போட்டதல்ல.

அன்றைக்கு மழை விட்டபோது மணி நாலரை. உள்ளே நடந்து பார்த்தோம். ஒவ்வொரு அட்டியின் நெற்றியிலும் கயிற்றில் ஓர் அட்டை, பால்பாயிண்ட் பேனாவில் இன்வாய்ஸ் எண், வந்த தேதி, எடுத்தது, மிச்சம். நாற்பதும் அறுபதுமாய் எச்சம் நின்ற ஆறு அட்டிகளைக் குடோனைப் பார்த்துக்கொள்பவர் கை காட்டினார். ஒரே ஆள் வாங்கியது, இரண்டு வாரமாகக் கிடக்கிறது. ஆறையும் நெருக்கி இரண்டு இடத்துக்குள் கொண்டுவந்து, ஒன்றுக்கொன்று நடுவில் பிளாஸ்டிக் விரித்து அட்டையை மாற்றிக் கட்டினார்கள். நான்கு இடம் பிறந்தது. இருந்த இரண்டோடு ஆறு. ஐந்து இன்வாய்ஸ் உள்ளே போயிற்று, டிரைவர் தார்ப்பாயை மடித்துக்கொண்டே யாரிடமோ போனில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆபீஸில் திரை புது எண்ணுக்கு மாறியிருந்தது: 74. பச்சைதான்.

குடோனைப் பார்த்துக்கொள்பவர் வாசல் கதவின் உட்புறம் சாக்பீஸால் எழுதியிருந்த ஓர் எண்ணைப் பெருவிரலால் அழித்துவிட்டு, புதிதாக ஒன்றை எழுதினார். எட்டிப் பார்த்தேன். "காலி - 1" என்று இருந்தது. கீழே சின்னதாக, நாளைக்கு வரப்போகும் லாரி: 2.